ஒளியால் அளக்கப்படும் எந்திர உறுப்புகள்

தொழிற்சாலையில் செய்யப்படும் எந்த உறுப்பும் வரைபடத்தில் குறித்த அளவில் அப்படியே அமைந்துவிடுவதில்லை. கடைசல் எந்திரத்தின் வெட்டுளி தேய்கிறது. வார்ப்பில் ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்குகிறது. அச்சில் அழுத்தி வளைத்த தகடு, வெளியே எடுத்ததும் பழைய நிலைக்குச் சற்றே மீள்கிறது. ஆகவே வடிவமைப்பாளர் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அளவை மட்டுமன்றி, அந்த அளவிலிருந்து எவ்வளவு விலகினால் ஏற்கலாம் என்னும் எல்லையையும் சேர்த்தே குறித்துத் தருகிறார். பட்டறைகளில் டாலரன்ஸ் என்று வழங்கும் இந்த எல்லை, ஒரு பம்பின் வார்ப்பு உடலில் ஒரு மில்லிமீட்டராக இருக்கலாம். காரின் கதவுத் தகட்டில் அரை மில்லிமீட்டராகவும், பேரிங் அமரும் துளையில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகவும் அது குறுகலாம். மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான் எனப்படும். மனிதத் தலைமுடி ஏறத்தாழ ஐம்பது முதல் நூறு மைக்ரான் வரை தடிப்புடையது என்பதால், பேரிங் துளையின் எல்லை ஒரு முடியின் தடிப்பைவிடப் பல மடங்கு சிறியது.

இந்த எல்லைகள் காக்கப்படுவதால்தான், ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படும் ஒரு காருக்கு வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து சேரும் உறுப்புகள், ஒன்றையொன்று முன்பின் பாராதவையாக இருந்தும், அரத்தால் ராவிச் சரிசெய்யும் வேலையின்றிப் பொருந்துகின்றன. ஓர் உறுப்பை அளந்து ‘சரி’ என்று சொல்வது, அதைப் பெறப்போகும் இன்னொருவருக்குத் தரப்படும் உறுதிமொழியாகும். அண்மைக் காலமாக அந்த உறுதிமொழி, தொட்டு அளக்கும் கருவிகளிலிருந்து, தொடாமல் ஒளியைப் பாய்ச்சி அளக்கும் வருடிகளுக்குப் பெருமளவில் மாறி வருகிறது. வருடி திரையில் காட்டும் வண்ணப் படம் அழகானது, எளிதில் நம்பத் தூண்டுவது. அந்தப் படம் எவ்வாறு உருவாகிறது, எந்த இடங்களில் அது தவறான தீர்ப்பைத் தரக்கூடும் என்பதை அறிந்துகொண்டால்தான் அதன் உண்மையான பயன் கைக்கு வரும்.

தொட்டு அளக்கும் மரபு நெடியது. துளைக்குள் நுழைய வேண்டிய ஒரு முனையும் நுழையக் கூடாத மறுமுனையும் கொண்ட ‘கோ, நோ-கோ’ கேஜ்கள் இன்றும் பட்டறைகளில் நாள்தோறும் பயன்படுகின்றன. சுவீடன் நாட்டின் எஸ்கில்ஸ்டூனா நகரத் துப்பாக்கித் தொழிற்சாலையில் பணியாற்றிய கார்ல் எட்வர்ட் யோஹான்சன், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி எந்த அளவையும் உண்டாக்கத்தக்க எஃகுக் கட்டைகளை உருவாக்கி, உலகெங்கும் உள்ள பட்டறைகளுக்கு ஒரே அளவுகோலைக் கொடுத்தார். பின்னர், 1950களில் ஸ்காட்லாந்தின் ஃபெராண்டி நிறுவனத்தில், மூன்று அச்சுகளில் நகரும் முனையால் உறுப்பைத் தொட்டு, தொட்ட புள்ளியின் இடத்தை எண்களாகக் குறிக்கும் ஆயத்தொலை அளவீட்டு எந்திரம் வடிவம் பெற்றது. பட்டறைகளில் இதற்கு சி.எம்.எம். என்பதே பெயர். 1970களின் தொடக்கத்தில், கான்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினுக்கான நுண்குழாய்களை அளக்கும் தேவை எழுந்தபோது, ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் மெக்மர்ட்ரி, மெல்லத் தொட்ட மாத்திரத்தில் சைகை தரும் ஆய்முனையைக் கண்டுபிடித்தார். அதன் பிறகே இந்த எந்திரம் உலகத் தொழில்துறை முழுவதும் பரவியது.

நல்ல சி.எம்.எம். ஒன்று, குளிரூட்டப்பட்ட அறையில், ஓரிரு மைக்ரான் துல்லியத்தில் ஒரு துளையின் விட்டத்தைச் சொல்லிவிடும். ஆயினும் அது புள்ளி புள்ளியாகத்தான் அறிகிறது. தட்டையான முகம், உருளை, துளை ஆகியவற்றுக்குச் சில புள்ளிகள் போதும். விமான எஞ்சினின் விசிறி அலகு, பம்பின் இம்பெல்லர், காரின் முன்முகத் தகடு போன்று எங்கும் வளைந்து நெளியும் பரப்புகளுக்கு அவை போதா. ஒரு கதவுத் தகட்டில் அறுபது புள்ளிகளைத் தொட்டுப் பார்த்து அறுபதும் சரியாக இருந்தாலும், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தை அந்த எந்திரம் அறிய வழியில்லை.

ஒளியைக் கொண்டு அளப்பது இந்தக் குறையைப் போக்க இப்போது திடீரென்று முளைத்த எண்ணமன்று. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் சிற்றூரில் ஜோன்ஸ் அண்டு லாம்சன் எந்திரக் கருவி நிறுவனத்தை நடத்திய ஜேம்ஸ் ஹார்ட்னெஸ், திருகுகளின் மரையை எவ்வாறு விரைவாகச் சோதிப்பது என்னும் சிக்கலில் ஆழ்ந்திருந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில், ஒரு தொழிற்சாலையின் திருகு மற்றொன்றின் மரையில் பொருந்தாத தொல்லை பெரிதாக உணரப்பட்டு, அதைத் தீர்க்க 1918இல் அமைக்கப்பட்ட தேசிய ஆணையத்தில் அவரும் உறுப்பினராக இருந்தார். அவரும், துருவப் பயணியும் தொலைநோக்கி செய்வதில் வல்லவருமான ரசல் போர்ட்டரும் சேர்ந்து உருவாக்கிய கருவி, திருகின் நிழலைப் பலமடங்கு பெரிதாக்கித் திரையில் வீழ்த்தியது. திரையில் ஏற்கத்தக்க எல்லைகள் இரண்டு கோடுகளாக வரையப்பட்டிருந்தன. நிழலின் ஓரம் அவற்றுக்கிடையே அடங்கினால் திருகு ஏற்கப்படும், வெளியே நீண்டால் தள்ளப்படும். புரொஃபைல் புரொஜெக்டர் என்னும் பெயரில் அந்தக் கருவியின் வழிவந்தவை இன்றும் பட்டறைகளில் உள்ளன. வானத்தை நோக்குவதில் தோய்ந்திருந்த இருவர் அந்தக் கலையைத் திருகின் மரைக்குக் கொண்டுவந்தனர் என்பது, அளவீட்டு வரலாற்றில் போதிய அளவு நினைவுகூரப்படாத ஒரு நிகழ்வு.

நிழல் உறுப்பின் ஓரத்தை மட்டுமே காட்டும். பரப்பின் மேடுபள்ளங்களை அது காட்டாது. இன்றைய வருடிகள் அந்த எல்லையைக் கடந்தது, பரப்பின்மீது திட்டமிட்ட ஒளிக்கோடுகளை வீழ்த்தி, அவை வளையும் விதத்தைப் படித்தறியும் முறையால் ஆகும். சன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நேராக விழுந்து, அதே இடத்தில் ஒரு குடத்தை வைத்ததும் அதன் வயிற்றில் வளைந்து செல்வதை யாவரும் கண்டிருப்பர். வளைவின் அளவைக் கொண்டே குடத்தின் வடிவைச் சொல்லிவிடலாம் என்பதுதான் இம்முறையின் அடிப்படை. ஒளிவீச்சுக் கருவி ஒரு பக்கமும் கேமரா மற்றொரு பக்கமுமாக, இடைவெளியும் கோணமும் துல்லியமாக அறியப்பட்ட நிலையில் பொருத்தப்படுகின்றன. ஒளிக்கதிர் புறப்பட்ட திசையும், அது பட்ட இடத்தைக் கேமரா கண்ட திசையும், இரண்டுக்கும் இடையிலுள்ள அடித்தொலைவும் தெரிந்தால், முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தவை ஆகின்றன. மூன்றாம் முனையின் இடம், அதாவது பரப்பின்மீதுள்ள புள்ளி, கணக்கில் வந்து விழுகிறது. நிலத்தை அளந்தவர்கள் மலையுச்சிகளின் இடத்தைக் குறித்ததும் இதே முக்கோணக் கணக்கால்தான்.

கேமரா காணும் எண்ணற்ற கோடுகளில் எது எந்தக் கோடு என்று எவ்வாறு அறிவது என்பதே இங்குள்ள நுட்பமான வினா. அதற்கு, அகலக் கோடுகளில் தொடங்கி மேன்மேலும் நுண்ணிய கோடுகள் கொண்ட பல வடிவங்கள் அடுத்தடுத்து வீழ்த்தப்படுகின்றன. ஒவ்வொரு வடிவத்திலும் ஓர் இடம் வெளிச்சமா இருளா என்பது ஓர் இலக்கமாகிறது; பத்து வடிவங்களைக் கொண்டு 1024 பட்டைகளைத் தனித்தனியே அடையாளம் காணலாம். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் கிரே, 1953இல் காப்புரிமை பெற்ற குறியீட்டு முறையில், அடுத்தடுத்த இரு எண்கள் ஒரே ஓர் இலக்கத்தில் மட்டுமே வேறுபடும். ஆகவே பட்டையின் விளிம்பில் கேமரா தடுமாறினாலும், பிழை ஒரு பட்டை அகலத்தைத் தாண்டாது. தந்தி, தொலைபேசிச் சைகைகளுக்காக எழுந்த ஒரு கருத்து எந்திர உறுப்புகளின் அளவீட்டில் இப்படி வேர்கொண்டுவிட்டது. இதற்கு மேல், ஒளிச்செறிவு அலைபோல ஏறி இறங்கும் கோடுகளைச் சிறிது சிறிதாக நகர்த்திச் சில படங்கள் எடுக்கப்படுகின்றன. ஒரு புள்ளி அலையின் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை அவற்றிலிருந்து கணக்கிடுவதால், ஒரு கோட்டின் அகலத்துக்குள்ளேயும் மிகச் சிறிய பின்னங்களைப் பிரித்தறிய முடிகிறது.

பல கருவிகள் இதற்கு நீல ஒளியைப் பயன்படுத்துகின்றன. குறுகிய அலைநீள வரம்புக்குள் அமைந்த ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியைக் கேமராவின் முன் வைத்தால், பட்டறை விளக்குகளின் வெளிச்சம் பெருமளவு விலகிவிடுகிறது என்பது அதற்குக் காரணம். ஒரே பார்வையில் சில வினாடிகளுக்குள் பல இலட்சம் புள்ளிகள் பதிவாகின்றன; உறுப்பைத் திருப்பியோ வருடியை நகர்த்தியோ மீண்டும் மீண்டும் எடுத்த பார்வைகள், உறுப்பின்மீது ஒட்டிய சிறு வட்ட வில்லைகளை அடையாளமாகக் கொண்டு ஒன்றாக இணைக்கப்படுகின்றன. இவ்வாறு சேரும் புள்ளித்திரள், நுண்ணிய முக்கோணங்களால் ஆன ஒரு வலையாகி, கணினியில் உறுப்பின் உருவமாக நிற்கிறது. கையில் பிடித்து நகர்த்தும் லேசர் வருடிகளும் உண்டு. அவற்றிலும் அடிப்படை இதே முக்கோணக் கணக்குதான்.

ஒளி, தான் விழும் பரப்பைப் பொறுத்தே நடந்துகொள்கிறது. மங்கலான சாம்பல் நிறப் பரப்பு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறச் செய்வதால் அளக்க எளிது. கண்ணாடிபோல் தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகு, ஒளியை ஒரே திசையில் திருப்பிக் கேமராவின் கண்ணைக் கூசச் செய்கிறது. கருமையான ரப்பர் ஒளியை விழுங்கிவிடுகிறது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கோ கோடுகளை உள்ளே விட்டுப் பரப்பு எங்கே என்பதையே மறைக்கிறது. இத்தகைய உறுப்புகளின்மீது டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற வெண்தூளை மெல்லிய படலமாகத் தெளிப்பது வழக்கம். அந்தப் படலத்துக்கும் ஒரு தடிப்பு உண்டு என்பதும், அது தெளிப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும் என்பதும் அறிக்கைகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இருபது மைக்ரான் எல்லையைச் சோதிக்கும்போது, பத்து மைக்ரான் தூளையும் சேர்த்து அளந்துவிட்டு உறுப்பின்மேல் குறை சொல்வது அநீதியாகும். ஆழமான துளைகளின் உட்சுவரும், கேமராவுக்கு மறைவான மடிப்புகளும் வருடிக்கு எட்டுவதேயில்லை; ஒளி நேர்க்கோட்டில் சென்று திரும்பும் இடங்களை மட்டுமே அது அளக்கும்.

உருவம் கிடைத்தபின் தொடங்கும் ஒப்பீடுதான் இம்முறையின் உயிர்நாடி. வடிவமைப்பாளரின் கணினி மாதிரியின்மீது வருடிய உருவத்தைப் பொருத்தி, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு விலகல் என்பது நிறமாகத் தீட்டப்படுகிறது: எல்லைக்குள் உள்ள இடம் பச்சை, உலோகம் மிகுந்த இடம் சிவப்பு, குறைந்த இடம் நீலம் என்பது பொதுவான வழக்கம். எண்கள் நிறைந்த பட்டியல் காட்டாத ஒன்றை இந்தப் படம் ஒரு பார்வையில் காட்டிவிடுகிறது. கோவை வட்டாரத்தின் ஃபவுண்டரிகளில் வார்க்கப்படும் பம்பு உடல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் உள்வெளியை உண்டாக்கும் மணல் கோர் சிறிது நகர்ந்திருந்தால், ஒரு பக்கச் சுவர் தடித்தும் எதிர்ப்பக்கச் சுவர் மெலிந்தும் இருப்பதை இரண்டு நிறங்களும் எதிரெதிரே காட்டிக்கொடுக்கும். சுருக்கத்துக்கு விட்ட ஈடு போதாமல் போயிருந்தால், மையத்திலிருந்து விலக விலக நீலம் அடர்ந்துகொண்டே போகும். ஆறும்போது உறுப்பு முறுக்கிக்கொண்டிருந்தால், எதிர் மூலைகள் இரண்டிரண்டாக ஒரே நிறம் கொள்ளும். வார்ப்பைக் கடைசலுக்கு ஏற்றும் முன்பே, வெட்டி எடுப்பதற்குப் போதிய உலோகம் எல்லா முகங்களிலும் இருக்கிறதா என்று பார்த்துவிடுவதால், பாதி வேலை முடிந்தபின் தள்ளப்பட வேண்டிய வார்ப்பு முதலிலேயே விலக்கப்பட்டு, எந்திர நேரமும் மின்சாரமும் தொழிலாளரின் உழைப்பும் காக்கப்படுகின்றன. உறுப்பு தேறியதா இல்லையா என்பதோடு நின்றுவிடாமல், ஏன் தவறியது என்பதற்கும் தடயம் தருவதே ஒளிவழி வருடலின் தலையாய கொடையாகும்.

ஆனால், அந்தப் பச்சை நிறம் எப்பொழுதும் உண்மையைச் சொல்வதில்லை. வருடிய உருவத்தையும் கணினி மாதிரியையும் எந்த இடத்தில் பற்றிப் பொருத்துவது என்பது அளப்பவரின் தேர்வு. மொத்த விலகல் மிகக் குறையும் வகையில் கணினியே உருவத்தை நகர்த்தித் திருப்பிப் பொருத்துவது ஒரு முறை. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த பால் பெஸ்ல், நீல் மெக்கே ஆகிய இருவர் 1992இல் வெளியிட்ட கணக்கீட்டு வழியின் மரபில் வந்த இம்முறை, ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்துவிடும் எளிமை உடையது. பொருத்துதலில் உறுப்பு உண்மையில் எந்த முகத்தில் அமர்கிறதோ, எந்தத் துளையில் ஊசி நுழைகிறதோ, அந்த ஆதார முகங்களையும் துளைகளையும் பற்றிப் பொருத்துவது மற்றொரு முறை. இரண்டும் ஒரே உறுப்புக்கு வெவ்வேறு தீர்ப்பை வழங்கக்கூடும். சம பரப்புள்ள இரண்டு படிமுகங்கள் கொண்ட ஓர் உறுப்பில் படியின் உயரம் 20 மில்லிமீட்டராக இருக்க வேண்டிய இடத்தில் 20.4 மில்லிமீட்டராக அமைந்துவிட்டது என்றும், ஏற்கத்தக்க விலகல் இரு புறமும் 0.25 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். கணினி தானாகப் பொருத்தினால், பிழையை இரண்டு முகங்களுக்கும் பங்கிட்டு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டராகக் காட்டும். படம் முழுவதும் பச்சையாக இருக்கும். கீழ்முகத்தை ஆதாரமாகக் கொண்டு பொருத்தினால் மேல்முகம் 0.4 மில்லிமீட்டர் உயர்ந்து, சிவந்து நிற்கும். பொருத்துதலின்போது அந்த உறுப்பு அமரப்போவது கீழ்முகத்தில்தான் என்றால் இரண்டாவது படமே உண்மை. எந்த முறையில் பொருத்தப்பட்டது என்று குறிப்பிடாத வண்ணப் படத்தை, எவ்வளவு நேர்த்தியாக அச்சிடப்பட்டிருந்தாலும், அளவீடு என்று ஏற்பது தகாது.

வெப்பநிலையும் இத்தகைய மறைமுகப் பகையே. நீள அளவீடுகள் யாவும் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்குரியவை என்று 1931இல் உலக அளவில் முடிவு செய்யப்பட்டது. ஒரு மீட்டர் எஃகு, வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 11.5 மைக்ரான் நீளும். அலுமினியம் அதைப்போல் இரு மடங்கு, ஏறக்குறைய 23 மைக்ரான் நீளும். சென்னையின் மே மாதப் பட்டறையில் 35 டிகிரியில் கிடக்கும் அரை மீட்டர் அலுமினிய உறுப்பு, தன் உரிய அளவைவிட ஏறத்தாழ 170 மைக்ரான் நீண்டிருக்கும். அதே நீள எஃகு 86 மைக்ரான் நீண்டிருக்கும். வருடி எடுத்துச் செல்ல எளிதானது என்பதால் அதை உறுப்பு இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் அளக்கும் வழக்கம் வளர்ந்துள்ளது. குளிர்நாட்டில் அது சிறு பிழைக்கே இடம்தரும், இந்த மண்ணிலோ பிழை ஏற்கத்தக்க எல்லையையே விழுங்கிவிடக்கூடும். உறுப்பின் வெப்பநிலையை அளந்து கணக்கில் ஈடுசெய்யலாம். அல்லது குளிர்ந்த அறையில் உறுப்பைப் பல மணி நேரம் ஆறவிட்டு அளக்கலாம். வருடியின் உடலும் இயங்கத் தொடங்கியதும் சூடேறி, ஒளிவீச்சுக் கருவிக்கும் கேமராவுக்கும் இடையிலுள்ள தொலைவைச் சிறிது மாற்றுகிறது; ஆகையால் அதை இயக்கிச் சற்று நேரம் நிலைபெறவிட்ட பிறகே அளவுத்திருத்தம் செய்கின்றனர்.

வருடியையும் அளந்து பார்க்க வேண்டும். அளவு முன்பே உறுதி செய்யப்பட்ட பீங்கான் கோளங்கள் இரண்டை ஒரு தண்டின் முனைகளில் பொருத்தி, அந்தத் தண்டைப் பல நிலைகளில் வைத்து வருடி, கோளங்களின் வடிவையும் இடைத்தொலைவையும் எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று சோதிக்கும் முறையை ஜெர்மானியப் பொறியாளர் சங்கங்களின் 2634ஆம் எண் வழிகாட்டி வகுத்தது. 2021இல் பன்னாட்டுத் தரமும் வெளிவந்தது. இத்தகைய சோதனைகள், எந்த அளவும் ஒரு தனி எண்ணன்று, நிச்சயமின்மையோடு கூடிய ஓர் எண் என்பதை நினைவூட்டுகின்றன. ஏற்கத்தக்க விலகல் இரு புறமும் 50 மைக்ரானாகவும், அளவீட்டின் நிச்சயமின்மை 20 மைக்ரானாகவும் இருந்தால், உறுப்பு தேறியது என்று செய்தவர் உறுதிகூற, அளந்த விலகல் 30 மைக்ரானுக்குள் அடங்க வேண்டும்; தேறவில்லை என்று வாங்குபவர் திருப்பி அனுப்ப, அது 70 மைக்ரானைத் தாண்ட வேண்டும். ஐயத்தின் சுமை எப்போதும் கூற்றை முன்வைப்பவர்மேலேயே விழுகிறது என்னும் இந்தப் பன்னாட்டு விதி, சிறு பட்டறைகளுக்கு ஒரு பாதுகாப்பு. அவை இதை அறிந்து வாதிட வேண்டும்.

ஒளிவழி அளவீட்டின் வரலாற்றில் மிக விலையுயர்ந்த தவறு, மிகத் துல்லியமான ஓர் உறுப்பில்தான் நேர்ந்தது. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் விட்டமுள்ள முதன்மை ஆடியைத் தேய்த்து மெருகேற்றிய பெர்க்கின்-எல்மர் நிறுவனம், இரண்டு சிறு ஆடிகளும் ஒரு வில்லையும் கொண்ட ஒளியியல் சாதனத்தால் அதன் வடிவத்தைச் சோதித்தது. அந்தச் சாதனத்தின் வில்லையை உரிய தொலைவில் பொருத்தப் பயன்பட்ட அளவுக்கோலின் முனையில் ஒரு மூடி இருந்தது. மூடியின் கரும்பூச்சு ஓரிடத்தில் உதிர்ந்திருந்ததால், கோலின் முனையில் பட்டுத் திரும்ப வேண்டிய ஒளி மூடியில் பட்டுத் திரும்பியது, வில்லை 1.3 மில்லிமீட்டர் தள்ளி அமைந்தது. தவறான சாதனத்துக்கேற்ப ஆடி வியக்கத்தக்க நேர்த்தியோடு தேய்க்கப்பட்டு, விளிம்பில் ஏறத்தாழ 2.2 மைக்ரான் தட்டையாகிவிட்டது. வேறு இரண்டு சோதனைக் கருவிகள் பிழையைக் காட்டவே செய்தன. முதற்சாதனமே அவற்றைவிடத் துல்லியமானது என்னும் நம்பிக்கையில் அந்த முடிவுகள் ஒதுக்கப்பட்டன. 1990 ஏப்ரலில் தொலைநோக்கி விண்ணுக்குச் சென்றபின், ஜூன் மாதத்தில் மங்கிய படங்கள் உண்மையை உலகுக்கு அறிவித்தன. விசாரணைக் குழுவினர் ஆராய்ந்தபோது, அந்தச் சோதனைச் சாதனம் கலைக்கப்படாமல் பழைய நிலையிலேயே தொழிற்சாலையில் இருந்தது. அதை அளந்து பிழையின் அளவு உறுதி செய்யப்பட்டது. ஆடியின் குறை எவ்வளவு என்று அறியப்பட்டதால், அதற்கு நேரெதிரான குறையோடு திருத்தும் ஆடிகளைச் செய்ய முடிந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் அவற்றைப் பொருத்தினர்.

பம்பு உடலையும் கதவுத் தகட்டையும் அளக்கும் பட்டறைக்கும் இதில் நேரடியான பாடம் உண்டு. புதிய வருடியை வாங்கியதும், ஒரே உறுப்பை அதிலும் சி.எம்.எம். எந்திரத்திலும் அளந்து ஒப்பிடுவதும், இரண்டும் முரண்பட்டால் காரணம் புலப்படும்வரை எந்த ஒன்றையும் நம்பாதிருப்பதும் தேர்ந்த தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளின் வழக்கம். வளைந்த பரப்புகளை வருடியிடமும், பேரிங் துளை போன்ற நுண்ணளவுகளைத் தொடுமுனையிடமும், ஒளியும் முனையும் நுழைய முடியாத உள்வெளிகளை எக்ஸ் கதிர் வெட்டுப்பட எந்திரத்திடமும் ஒப்படைத்து, வண்ணப் படத்தோடு மூலப் புள்ளித்திரளையும், பொருத்திய முறையையும், உறுப்பின் வெப்பநிலையையும், அளவுத்திருத்தம் செய்த நாளையும் அவர்கள் சேர்த்துப் பாதுகாக்கின்றனர். பல மாதங்களுக்குப் பின் வாடிக்கையாளரிடமிருந்து ஓர் உறுப்பு திரும்பி வந்தால், அன்றைய அளவீட்டை மீண்டும் முதலிலிருந்து கணக்கிட்டுப் பார்க்க அவையே தேவைப்படும்.